நாலு வருஷக் கோணல்

பொங்கலுக்கு வந்திருந்த மச்சான், கடைத்தெரு வரை போய்வருகிறேன் என்று என் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தவன் சாவியைக் கொடுக்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஹேண்டிலையே பார்த்தான். "இத எப்படி மாமா ஓட்டுறீங்க? ஒரு கை இங்க இருக்கு, இன்னொரு கை பக்கத்து ஊர்ல இருக்கு" என்றான். திருப்பூரில் வேலை பார்ப்பவன், எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். ராத்திரி படுக்கும்போது வலது தோள்பட்டை வழக்கம்போல வலித்தது. அப்போதுதான் உறைத்தது.

வண்டி 2008ல் அப்பா வாங்கியது. ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து 2011ல் கம்பெனி பெயரே மாறிவிட்டது. எங்கள் வண்டி டேங்கில் மட்டும் இன்னும் கூட்டுக் குடும்பம்தான். அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது மதகுக்காரராக, இருந்தவர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது அல்லவா, அந்தச் சுற்றுவட்டாரத்து மதகுகளில் முப்பது வருஷம் ஷட்டர் திருகிய கை அவருடையது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் இந்த வண்டியை வாங்கினார். கண் மங்கியதும் என்னிடம் தள்ளிவிட்டார். ஆகவே ஹேண்டில் கோணலானதில் அவருக்குப் பங்கு இல்லை. அது முழுக்க என் காலத்துச் சமாச்சாரம்.

2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த மழையை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறுவடைக்கு நின்ற சம்பா அப்படியே சாய்ந்தது. பல வயலில் கதிரிலேயே முளைவிட்டது. மிஞ்சியதை அறுத்து எடுத்தால், பிழிந்தால் தண்ணீர் வரும் போல ஈரம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் காயவைத்துக் கொண்டு வா என்பார்கள். ஊருக்கு இருக்கிற ஒரு சிமெண்ட் களம் யாருக்குப் போதும்? தார் ரோடுதான் களம்.

தை கடைசியில் ஒரு சாயங்காலம் அந்த ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். முக்கால் ரோட்டுக்கு நெல். ஓரத்தில் வண்டி ஏறாமல் இருக்க வரிசையாகக் கல். எதிரே டிராக்டர். ஒதுங்கினேன், கல்லுக்குத் தப்பி நெல்லில் ஏறினேன், பழக்க தோஷத்தில் முன் பிரேக்கைத் தொட்டேன். காய்ந்த நெல் டயருக்கு அடியில் சைக்கிள் பால்ரஸ் மாதிரி உருளும். வண்டி இடதுபுறம் படுத்துச் சறுக்கிக்கொண்டு போய், வாய்க்கால் மதகின் சுவரில் ஹேண்டில் முனை இடித்து நின்றது. முழங்கையில் தோல் போனதோடு சரி. நெல் எங்கள் சித்தப்பாவுடையது. ஓடி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நெல்லு வாய்க்கால்ல விழுந்துடுச்சாடா?" என்பதுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வருஷம் ஒரு மரக்கால் நெல்லைக் காப்பாற்றுவதே பெரிய பாடு.

மறுநாள் ஒரு பட்டறையில் ஹேண்டிலை நிமிர்த்தினேன். நிமிர்த்துவது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வளைந்த முனையில் ஒரு நீளமான ஜி.ஐ. குழாயைச் செருகி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் காலை ஊன்றி இழுப்பார். தூர நின்று பார்த்து, "இப்ப பாருங்க, நேரா இருக்கு" என்பார். பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.

அப்புறம் நாலு வருஷம். இடது மணிக்கட்டில் ஒரு குடைச்சல், வலது தோளில் ஒரு இழுப்பு. தலையணையை மாற்றினேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான் என்று நாலு பேர் சொன்னதை நானும் ஐந்தாவது ஆளாக மற்றவர்களுக்குச் சொன்னேன். தினம் இருபத்தைந்து கிலோமீட்டர் எதைப் பிடித்துக்கொண்டு போகிறேன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று பக்கத்துத் தெரு கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வாங்கிவந்தேன். பண்டிகை நாளில் எதற்கு என்று அவர் கேட்டதற்கு, வண்டிக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். தாழ்வாரத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். தரையில் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள், அதனால் ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் ஓட்டுச்சில்லு கொடுத்து, வண்டியின் குறுக்கே ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தேன். முன் சக்கரம் நேராக இருக்கிறதா என்று இரண்டு சக்கரத்தையும் ஒட்டி ஒரு நூல். பிறகு ஹேண்டிலின் இரண்டு முனையிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். இடது முனை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பின் சக்கர அச்சிலிருந்து நூல் பிடித்தால் இடது பக்கம் ஒன்றரை விரல் கிட்டே வந்திருந்தது. அதாவது நாலு வருஷமாக இடது கையைக் குறுக்கி, வலது தோளை நீட்டி ஓட்டியிருக்கிறேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொன்னேன். "தெரியுமே" என்றார்.

"தெரியுமா? சொல்லவே இல்ல?"

"நீ எங்கடா கேட்ட?"

புது ஹேண்டில் வாங்கப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வண்டி விழுந்தபின் ஹேண்டில் கோணலாகத் தெரிந்தால் ஹேண்டில்தான் வளைந்தது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பல சமயம் ஹேண்டில் நேராகவே இருக்கும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரண்டும் தங்கள் பிடியில் முறுக்கிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் முன் சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டிலைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினால் சரியாகிவிடும், செலவும் இல்லை. எனக்கு அது இல்லை. மையத்தில் சரியாக இருந்தது, முனையில்தான் கோணல். ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட்டிலும் பள்ளம் விழவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நடுவில் எங்கும் கடக்கென்று உட்காராமல் வழுவழுவென்று திரும்பியது.

இன்னொரு முறை நிமிர்த்தலாமே என்று கேட்பார்கள். ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்தினால் என்ன ஆகும் என்பது கட்டுக்கம்பி ஒடித்தவர்களுக்குத் தெரியும். ஹேண்டில் உள்ளே வெற்றுக் குழாய். குரோம் பூச்சு விண்டு, அந்த விரிசலில் துரு இறங்கியிருக்கும். அது ஒடியும் நாளில் நாம் நின்றுகொண்டிருக்க மாட்டோம், போய்க்கொண்டிருப்போம்.

கடை, நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் போட்டிருந்தது. அந்தக் கேட்டில் மாட்டாமல் இந்தப் பக்கத்தில் யாரும் எந்தக் காரியமும் செய்ததில்லை. சரி, நிற்கிற நேரத்தில் மற்றவர்களுடைய ஹேண்டில்களைப் பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காததை எல்லாம் பார்த்தேன். முன்னால் நின்ற டி.வி.எஸ். எக்ஸெலில் கிரிப் போன இடத்தில் சைக்கிள் டியூபைப் பட்டையாக அறுத்துச் சுற்றியிருந்தார்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பிடி என்னவோ பிரமாதமாக இருக்கும். ஒரு பால்காரர் வண்டியில் ஹேண்டிலுக்கு ஒன்றாக இரண்டு கேன். ஒரு புல்லட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு தை வரை அழியாமல் இருந்தது. சாப்பாட்டுப் பை, மஞ்சப்பை, பூப்பொட்டலம், பள்ளிக்கூடப் பை, சுருட்டிய நைலான் கயிறு. எங்கள் ஊரில் ஹேண்டிலுக்கு வண்டியைத் திருப்புவது இரண்டாவது வேலை. யூரியா மூட்டையைப் பின்னால் வைத்துக் கட்டியிருந்த ஒருவர் அடிக்கடி காலை ஊன்றிக்கொண்டே இருந்தார். மூட்டை இப்போது 45 கிலோதான், ஆனால் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளிக் கட்டினால் முன் சக்கரம் பாரம் இழந்து ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். அதற்கு எந்தப் புது ஹேண்டிலும் மருந்து இல்லை, மூட்டையை முன்னால் இழுத்துக் கட்ட வேண்டியதுதான்.

கடையில் ஹேண்டிலும் ஒரு ஜோடி கிரிப்பும் கேட்டேன். கிரிப்பை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒன்று இல்லை. இடது கிரிப் நேராகக் குழாய்மேல் ஏறுகிறது, குழாய் 22 மி.மீ. விட்டம். வலதில் குழாய்க்கு மேலே ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் உருளை இருக்கிறது, அதற்கு மேலேதான் கிரிப். அதனால் வலது கிரிப்பின் துவாரம் இரண்டு மூன்று மி.மீ. பெரிதாக இருக்கும். மாற்றிப் போட முயன்றால் ஒன்று ஏறவே ஏறாது, இன்னொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். பஞ்சு கிரிப் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். பார்க்க மெத்தென்று இருக்கும். ஐப்பசி மழையில் நனைந்தால் மூன்று நாள் காயாது, நாலாம் நாள் நாறும். சேற்றுக் கையோடு வண்டி எடுக்கிற ஊருக்கு வரிவரியாகப் பள்ளம் விட்ட சாதா ரப்பர்தான் லாயக்கு.

ஹேண்டிலைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். நானும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிவந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

காணும் பொங்கலன்று காலை வேலையை ஆரம்பித்தேன். முதல் காரியம் ஸ்பானர் எடுப்பது இல்லை, போட்டோ எடுப்பது. என் மகள் பத்தாம் வகுப்பு. போனை அவளிடம் கொடுத்து, ஒவ்வொரு கேபிளும் எந்த வழியாகப் போகிறது என்று இடது, வலது, மேல், முன் எல்லாப் பக்கமும் எடுக்கச் சொன்னேன். இடதில் கிளட்ச் கேபிள். வலதில் ஆக்சிலேட்டர் கேபிளும் முன் பிரேக் கேபிளும். நடுவில் மீட்டர் கேபிள். இவை போதாதென்று சுவிட்ச் வயர்கள் டூமுக்குள், அதாவது ஹெட்லைட் கூட்டுக்குள், போகின்றன. டேங்க் மேல் அம்மாவின் பழைய நூல் புடவையை நாலாக மடித்துப் போட்டேன். கழன்ற ஹேண்டில் விழுந்தால் விழுகிற இடம் அதுதான். கழற்றும் திருகாணிகளுக்கு மனைவி கழித்துப்போட்ட அஞ்சறைப்பெட்டி. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு உறுப்பு. வேலை முடிந்தும் இரண்டு நாள் என் வண்டியில் வெந்தய வாசனை அடித்தது.

கண்ணாடிகளைக் கழற்றுவதில் சிரமம் இல்லை. யமஹா வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், அதில் வலது கண்ணாடியின் மரை தலைகீழாக இருக்கும், வழக்கப்படி திருகினால் இன்னும் இறுகும். என்னுடையதில் அந்த வம்பு கிடையாது. சுவிட்ச் பாக்ஸின் அடியில் இருந்த ஸ்டார் திருகாணிதான் வம்பு செய்தது. பதினேழு வருஷத்து மழை. இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து, திருப்புளியின் பின்புறத்தில் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு தட்டி, முழு எடையையும் அழுத்தித் திருகினால் கழன்றது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் திருகாணித் தலை மழுங்கிவிடும், மழுங்கினால் அன்றைய பொழுது முடிந்தது.

இடது கிரிப்பைக் கழற்றாமல் கிளட்ச் லிவரைத் தாங்கும் யோக்கை வெளியே உருவ முடியாது. உடைந்த குடைக்கம்பியை ரப்பருக்கு அடியில் விட்டு, சோப்புத் தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சி, கம்பியைச் சுற்றினேன். நல்ல கிரிப்பைத் திரும்பப் போடுவதாக இருந்தால் இதுதான் வழி. எனக்குப் பழசு வேண்டாம், அதனால் ஐந்து நிமிஷத்தில் பொறுமை போய் பிளேடால் நீளவாக்கில் கீறிவிட்டேன். மாங்காய்த் தோல் மாதிரி வந்தது.

வந்ததும் உள்ளே பழைய பாவம் தெரிந்தது. மஞ்சளாக, பிசுபிசுவென்று, அங்கங்கே துருவோடு ஒரு படலம். தேங்காய் எண்ணெய்.

மேட்டூர் மே மாதம் 24ஆம் தேதியே திறந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் காலண்டர். வழக்கப்படி ஜூன் 12ல் திறந்தால் அது நல்ல வருஷம், திறக்காவிட்டால் அது பேசக்கூடாத வருஷம். ஆங்கிலக் கணக்கில் 2022. இடது கிரிப் கிழிந்து, புதுசு ஒன்று வாங்கி நானே போட்டேன். ஏறவில்லை. வழுக்க வேண்டும் என்றால் வீட்டில் என்ன இருக்கும்? தேங்காய் எண்ணெயைத் தடவினேன். வெண்ணெயில் கத்தி மாதிரி ஏறியது. நானும் மெச்சிக்கொண்டேன். எண்ணெய் காயாது, அதோடு ரப்பரையும் ஊதவைத்துவிடும் என்பது தோன்றவில்லை. மூன்றாம் வாரம், கோரையாற்றுக் கரைமேல் மழைத்தூறலில் போகும்போது ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. கிரிப் கழன்று முழுசாக என் கையோடு வந்துவிட்டது. ஒரு கணம் இடது கையில் ஒரு ரப்பர் குழாய், வலது கையில் மொத்த வண்டி, வலப்பக்கம் கரை புரளும் புதுத்தண்ணீர். விழவில்லை. எப்படி விழவில்லை என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அன்றைக்கு அதைச் சணலால் கட்டி ஓட்டி வந்து, பிறகு எதையோ தடவி ஒட்டி, அந்தக் கதையை வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதிவிட்டேன். மகள் படிப்பாள்.

ஹேண்டிலை நடுவில் பிடித்திருக்கும் கிளாம்பின் நாலு போல்ட்டையும் கழற்றி, பழைய ஹேண்டிலை உருவித் தரையில் குப்புற வைத்தேன். காவி பூசிய தரையில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொட்டால் ஆடியது. பக்கத்தில் புதுசைப் பிரித்து வைத்தேன். வைத்ததும் தெரிந்துவிட்டது. வேறு வண்டி ஹேண்டில். நாலு விரல் உயரம் கூட, வளைவும் வேறு. அதைவிட முக்கியம், சுவிட்ச் பாக்ஸின் உட்புறம் ஒரு சின்ன முளை இருக்கும், ஹேண்டிலில் அதற்கு நேராக ஒரு ஓட்டை இருக்க வேண்டும். அந்த முளை ஓட்டையில் உட்கார்ந்தால்தான் சுவிட்ச் பாக்ஸ் சுற்றாமல் நிற்கும். இதில் ஓட்டையே இல்லை. முளையைச் சீவிவிட்டுப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். திருப்பத்தில் ஆக்சிலேட்டர் திருகும்போது பாக்ஸ் மொத்தமும் சேர்ந்து திருகினால் என்ன ஆகும் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். உயரம் கூடினால் கேபிள் நீளமும் போதாது. தவிர, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு இருக்கிறது. மனைவியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். மறுபடியும் கேட். இந்த முறை யாருடைய ஹேண்டிலையும் பார்க்கவில்லை. கடைக்காரர், நீங்கள் சரியாகக் கேட்கவில்லை என்றார். கேட்டேன். சரி, மாற்றிக் கொடுத்தாரே, அதுவே பெரிது. கடைப் படியிலேயே தாளைப் பிரித்து, கொண்டுபோயிருந்த பழசை மேலே வைத்துப் பார்த்துத்தான் இறங்கினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பொருத்தும் வேலை. ஹேண்டிலில் குத்திய ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அது கீழ்க் கிளாம்பின் விளிம்போடு சேர வேண்டும். சேர்ந்தால்தான் கம்பெனி வைத்த கோணம். மேல் மூடிகளிலும் ஒரு புள்ளி, அது முன்பக்கம் பார்க்க வேண்டும். அடுத்தது இறுக்குவது. முன்பக்கத்து இரண்டு போல்ட்டையும் முதலில் இறுக்கி, மூடியும் அடியும் முன்னால் ஒட்டிய பிறகு பின்பக்கத்தை இறுக்க வேண்டும். இடைவெளி பின்னால் மட்டும் இருக்கும்.

இங்கே அப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "என்னடா ஒரு பக்கமா இறுக்குற? நாலையும் சமமா கொண்டு வரணும்டா."

"இது அப்படித்தான்ப்பா. முன்னால முதல்ல."

"முப்பது வருஷம் ஷட்டர் திருகியிருக்கேன். ஒரு கண்ண மட்டும் முழுசா திறந்தா தண்ணி ஒரு பக்கமா பாஞ்சு அடில குழி பறிச்சிடும். எல்லாக் கண்ணையும் சமமாத்தான் ஏத்தணும்."

கண் என்பது மதகின் திறப்பு. அவர் சொல்வது தலைப்பு மதகுக்கு நூற்றுக்கு நூறு சரி. பொதுவாக நாலு போல்ட் உள்ள எந்த மூடிக்கும்கூடச் சரி. இந்தக் கிளாம்ப் மட்டும் அப்படிச் செய்யப்படவில்லை, முன் விளிம்பு ஒட்டி உட்காருகிற மாதிரி கடைந்திருக்கிறார்கள். இதை விளக்கினேன். கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இடது போல்ட்டுக்கும் வலது போல்ட்டுக்கும் நடுவே மாறி மாறி கால் சுற்றாக இறுக்கு என்றார். அது நியாயம், அப்படியே செய்தேன். எவ்வளவு இறுக்குவது என்பதிலும் அவர் கைதான் உதவியது. டார்க் ரெஞ்ச் எங்கள் வீட்டில் கிடையாது. நான் குழாயை மாட்டி நீட்டிய ஸ்பானரை எடுத்தேன், அவர் வாங்கி வைத்துவிட்டுச் சின்ன ஸ்பானரைக் கொடுத்தார். "மணிக்கட்டு போற வரைக்கும் இறுக்கு. தோள் போகக்கூடாது. மரை போச்சுன்னா அப்புறம் எவன்கிட்ட போவ?"

ஆக்சிலேட்டர் உருளையை மாட்டும் முன் குழாயின் வலது முனையைத் துணியால் துடைத்து, மிகக் கொஞ்சமாக கிரீஸ். இடது முனையில் ஒரு துளிகூடப் படக்கூடாது. பட்டால் தேங்காய் எண்ணெய்க் கதைதான். கேபிள் முனையில் இருக்கும் ஈயக் குண்டை உருளையின் காதில் உட்காரவைத்து, பாக்ஸை மூடி, முளை ஓட்டையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகு திருகாணி.

கிரிப் போடுவதற்கு ஆளுக்கு ஒரு வைத்தியம். பெட்ரோல், சோப்புத் தண்ணீர், எச்சில்கூட. இந்த முறை பஞ்சர் கடையில் வாங்கிய ரப்பர் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவினேன். ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரே தள்ளில் முழுசாகப் போய்விட வேண்டும். நடுவில் நின்று யோசித்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இடது கிரிப் ஒரே மூச்சில் போனது. வலதில்தான் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். அதைச் சுவிட்ச் பாக்ஸோடு ஒட்டித் தள்ளிவிடக்கூடாது, இரண்டு மி.மீ. இடைவெளி வேண்டும். முனையிலும் ரப்பரின் மூடி, குழாயை முட்டக்கூடாது. முட்டினால் திருகிய ஆக்சிலேட்டர் திரும்பி வராது. தடிப்பான அட்டை ஒன்றை நடுவில் வைத்துத் தள்ளி, பிறகு அட்டையை உருவிவிட்டேன். கையை விட்டால் ஆக்சிலேட்டர் "டப்" என்று மூடுகிறதா என்று இருபது தடவையாவது பார்த்திருப்பேன். இந்த ஒன்றில் சந்தேகம் இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் விட்டு கேபிளைச் சரிசெய்தேன். லிவர்களின் சாய்வை வண்டியில் உட்கார்ந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். கையை நீட்டி விரல்களை விரித்தால், முன்கையும் விரலும் ஒரே கோட்டில் லிவர்மேல் விழ வேண்டும். பலருடைய வண்டியில் லிவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், மணிக்கட்டு அதற்காக நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டிருக்கும். யோக்கின் போல்ட்டை வெறியோடு இறுக்க வேண்டாம். கை அழுத்தத்துக்கு நகராமல், வண்டி விழுந்தால் மட்டும் சுற்றிக்கொடுக்கிற அளவு போதும். சுற்றினால் லிவர் பிழைக்கும்.

கிக்கரை உதைத்து, ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இடது கோடி வரை திருப்பினேன். சத்தம் மாறவில்லை. வலது கோடி. டுர்ர்ரென்று ஏறியது. நான் கவனிப்பதற்குள் மகள், "அப்பா, கத்துது" என்றாள். ஆக்சிலேட்டர் கேபிளை ஃபோர்க்குக்குத் தப்பான பக்கமாக விட்டிருக்கிறேன். ஹேண்டில் திரும்பும்போது கேபிள் இழுபடுகிறது, யாரும் திருகாமலே வண்டி வேகம் எடுக்கிறது. நீடாமங்கலம் கடைத்தெருவில் யூ டர்ன் அடிக்கும்போது இது நடந்திருந்தால்? போனில் காலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மீட்டர் கேபிளுக்கு உள்பக்கமாகப் போக வேண்டியதை வெளிப்பக்கமாக விட்டிருந்தேன். டூமைத் தளர்த்தி, கேபிளை உருவி, பழைய வழியில் விட்டேன். மறுபடியும் இடது, வலது. சத்தம் ஒரே சீர்.

சொல்யூஷன் காய ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் காலை எடுத்தேன். நேராக இருக்கும், சுகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் ஹேண்டில் கோணலாக இருப்பதாகத் தோன்றியது. இடது முனை தூரப் போய்விட்டது, வண்டி வலதுபுறம் இழுக்கிறது. திரும்பி வந்து தூக்குக்குண்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு முனையும் சமம். நூல் பிடித்தேன். சமம். மறுபடியும் ஓட்டினேன், மறுபடியும் கோணல். இரண்டு வாரம் இப்படியே போனது. ஒருநாள் கேட்டில் நிற்கும்போது, அன்று காலையிலிருந்து ஹேண்டிலைப் பற்றி நினைக்கவே இல்லை என்று ஞாபகம் வந்தது. மணிக்கட்டுக் குடைச்சல் போய்விட்டது. தோள் வலி பாதி போயிருக்கிறது, மீதி நாற்பதைத் தாண்டியதுதான் போல.

கொத்தனார் தன் தூக்குக்குண்டைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பழைய ஹேண்டிலைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாம் என்று மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். தை கடைசியில் பார்த்தால் காணோம். மறுநாள் வேலைக்குப் போகும்போது அதே ரோடு, அதே மதகு, ரோட்டில் அதே முக்கால் பங்குக்கு நெல். இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சித்தப்பா நெல் தள்ளும் பலகையைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். பலகையில் மூங்கில் காம்பு இருந்த இடத்தில், கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிய என் பழைய ஹேண்டில். "உங்கப்பாதான் எடுத்துக்கடான்னாரு. கைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டு நடை தள்ளிவிட்டு நின்று, பலகையை ஒரு முறை குனிந்து பார்த்தார்.

"என்னான்னு தெரியலடா, இடது பக்கம் மட்டும் கூட அள்ளுது."